மூன்றாம் தரம்

மயிர் வழிக்க எனக்கா சொல்லித்தரணும் என்றுதான்
முந்தாநாள் ராத்திரி
பாதி பிளேடை விரலில் இடுக்கி
அடிவயிற்றை நானே மழித்துக்கொண்டேன்.

பேரணாம்பட்டுத் தோல்ஷாப்பில் இருபத்தாறு வருஷம்
சுண்ணாம்புக் குழியில் ஊறியதை
மரக்கட்டை மேல் கவிழ்த்துப் போட்டு வழித்தவன்.
ஈரத்தோல் ஒன்று முப்பது கிலோ.
தூக்கித் தூக்கித்தான்
குடல் இறங்கிப் புடைத்துக்கொண்டது,
இருமினால் எட்டிப்பார்க்கும் எலிக்குஞ்சு மாதிரி.

குடியாத்தம் ஆஸ்பத்திரியில் காலை ஆறரைக்கு
பச்சை அங்கியைத் தூக்கிப் பார்த்தாள்
நாகவேணி சிஸ்டர்.
வி.கோட்டாவிலிருந்து முதல் பஸ்ஸில்
பத்தலப்பல்லி மலையிறங்கி வருகிறவள்.
"ஏமண்ணா, எவரு செஞ்சது இது?"
நான்தான் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

டார்ச் அடித்தாள்.
கண்ணில் படாமல் கிடந்த கீறல்கள்
வெளிச்சத்தில் சிவந்து எழுந்து நின்றன,
பதினொன்றோ பன்னிரண்டோ.
இரண்டில் சீழ் முத்து.
"பிளேடு வெக்காதேன்னு சீட்டில எழுதித்தானே கொடுத்தோம்."
சீட்டு சட்டைப் பையில் இருந்தது
மடித்தது மடித்தபடி.

டாக்டர் வந்தார், பார்த்தார், பேசவில்லை.
யோவேல் என்ற பெயருக்குக் குறுக்கே ஒரு கோடு.
அடுத்தவரைக் கூப்பிட்டார்கள்.

கோபம்தான் எனக்கு. ஒரு கீறலுக்காகவா?
"கீறின எடத்திலதான் கிருமி குடித்தனம் வெக்கும்.
நாங்க வெட்டப்போறது அதுக்கு அடுத்த வீடு" என்றாள்.

பஸ் ஸ்டாண்டில் டீ ஆடை கட்டியபோது
தரம் பிரிக்கும் மேஜை ஞாபகம் வந்தது.
அப்சல் சாயபு ஒவ்வொரு தோலாக
ஜன்னலுக்கு நேரே பிடிப்பார்,
உள்ளங்கையால் தடவிக்கொண்டே போவார்.
கத்திமுனை பட்ட தடம் ஒன்று போதும்.
மூணாம் தரம்.
சாக்பீஸால் குறுக்கே ஒரு கோடு.
உரித்தவன் அவசரத்துக்கு மாடு என்ன செய்யும் என்று
ஒருநாளும் நான் கேட்டதில்லை.

பதினாறு நாள்.
முளைக்கிற முடி லுங்கியில் உரசி அரிக்கும்.
சொறியப் போன கையை எஸ்தர் தட்டிவிடுவாள்.
சீட்டை அவள்தான் வாய்விட்டுப் படித்தாள்:
முந்தின ராத்திரி ஒரு குளியல், விடியற்காலை இன்னொன்று,
அவர்கள் கொடுத்த இளஞ்சிவப்பு மருந்துச் சோப்பில்.
கழுத்துக்குக் கீழே, தொப்புளுக்குள்ளே, தொடை இடுக்கில்.
துவைத்த துண்டு. துவைத்த துணி.
எண்ணெய் கூடாது, பவுடர் கூடாது.
"சென்ட்டும் கூடாதாம் மாப்பிள்ளைக்கு."

கல்யாணமான பிறகு
என் மேல் ஷாப்பு வாடை இல்லாத முதல் ராத்திரி.
யாரோ மாதிரி இருக்கு என்று
அவள் கொஞ்சம் தள்ளிப் படுத்தாள்.

தியேட்டருக்கு வெளியே கவுஸின் கையில் சின்ன மெஷின்.
தோலைக் கடிக்காமல் முடியை மட்டும் மேய்ந்தது.
உதிர்ந்ததைப் பிளாஸ்திரியால் ஒற்றி எடுத்தான்.
தடவினால் சொரசொரப்பு.
இவ்வளவுதானா?
"போதும்ண்ணே. வழவழப்பெல்லாம் ஒங்க ஷாப்புக்கு."

முதுகில் ஊசி. கால்கள் யாருடையவோ ஆயின.
விளக்கின் எஃகு விளிம்பில்
என் வயிறு வளைந்து தெரிந்தது.
இடுக்கி நுனியில் பஞ்சு,
நாகவேணியின் கண்கள் மட்டும்.
வெட்டப்போகும் இடத்தில் தொட்டு
வட்டம், அதைவிடப் பெரிய வட்டம்,
வெளியே வெளியே போய்
பஞ்சு வாளியில் விழுந்தது.
போன பஞ்சு உள்ளே திரும்பவில்லை.
புதுசு ஒன்று, மறுபடி நடுவிலிருந்து.
ஆவாரம்பட்டைத் தொட்டியில்
முதல் நாள் தோல் பிடிக்குமே,
அந்த நிறம் ஏறியது எனக்கு.

பிறகு எல்லோரும் கையை மார்போடு கட்டி நின்றார்கள்.
தட்டில் கத்தியும் சும்மா கிடந்தது.

"எத்தனாம் தரம் சிஸ்டர்?"

முகமூடிக்குள் சிரித்தாளா, தெரியவில்லை.
"இன்னும் காயலண்ணா.
அசையாதே."